செல்லின் வடிவத்தை ஆளும் நொதிகளுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

காட்பாடி மாணவி:
உயிரித் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய் என்று படித்து வந்த எங்களுக்கு, வடிவத்தையும் நகர்வையும் ஆளும் ரோ, ராக் நொதிகளுக்கும் அதில் பங்குண்டு என்று வகுப்பில் கூறினார்கள். வடிவம் மாறினால் நோய் ஏன் முற்ற வேண்டும்?

பாலாற்றங்கரை:
புற்றுநோய் இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முதற்கட்டி அன்று. செல்கள் அங்கிருந்து பெயர்ந்து நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் குடியேறுவதே. பெயர்வதற்கு வடிவம் மாற வேண்டும். ராக், செல்லுக்கு உள்ளிருந்து வடிவம் தரும் ஆக்டின் என்னும் புரத இழைகளை வளர்த்து முன்விளிம்பை விசிறிபோல் விரிக்கிறது; அதே குடும்பத்து நொதியான சிடிசி42 விரல்போன்ற நீட்சிகளை உண்டாக்குகிறது; ரோ இழைகளை இறுக்கிப் பின்புறத்தை இழுக்கிறது. குவனோசின் டிரைபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூற்றைப் பற்றியிருக்கும்போது இவை விழித்திருக்கும். அதை டைபாஸ்பேட்டாக உடைத்ததும் ஓய்ந்துவிடும். (இரண்டையும் தமிழில் சுருக்கினால் ஜிடிபி என்றே வந்து குழப்பும், அதனால்தான் முழுப்பெயர்.) மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் சிலவற்றில் ராக்1 நொதியின் 29ஆம் இடத்து அமினோ அமிலமான புரோலின், செரின் என்னும் வேறொன்றாக மாறியிருப்பதை 2012இல் கண்டறிந்தனர், அவ்வாறு திரிந்த நொதி ஓய்ந்தாலும் உடனே விழித்துக்கொள்கிறது.

ராணிப்பேட்டை தோல்காரர்:
முப்பது ஆண்டுகள் தோல் பதனிடும் வேலையில் இருந்தவன். சுண்ணாம்பு நீக்கிய தோலை நொதியில் ஊறவைத்து நேரம் தவறவிட்டால் தோலே தளர்ந்துவிடும். புற்றுச் செல்லும், திசுவைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நாரை அறுத்துக்கொண்டுதானே வெளியேறுகிறது? அறுக்கும் நொதியைத் தடுத்தால் போதாதா?

பாலாற்றங்கரை:
அதைத்தான் ஐயா, 1990களில் மாரிமாஸ்டாட் முதலிய மருந்துகளால் முயன்றார்கள். பலருக்கு மூட்டுவலி வந்ததே தவிர, எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஏற்கெனவே நோய் பரவியவர்களுக்கு அம்மருந்தைக் கொடுத்தது ஒரு காரணம். இன்னொன்று 2003இல் வெளியான ஆய்வுகளில் தெரிந்தது: அறுக்கும் நொதிகளைத் தடுத்ததும், செல் தன் நீண்ட வடிவத்தை விட்டு உருண்டையாகி, ரோவின் இறுக்கத்தால் உடலை நெருக்கிக்கொண்டு, கொலாஜன் இழைகளின் இடைவெளியில் அமீபாபோல் நழுவிச் சென்றது. அறுக்கும் நொதிகளோடு, ரோவின் ஏவலில் மயோசின் என்னும் சுருக்கும் புரதத்தை இறுக்கும் கைனேஸ் என்னும் நொதியையும் சேர்த்துத் தடுத்தபோதே ஊடுருவல் நன்கு குறைந்தது.

காட்பாடி மாணவி:
அப்படியானால் ரோவையே தடுத்துவிடலாம் அல்லவா?

பாலாற்றங்கரை:
அவ்வளவு எளிதன்று, அம்மா. இரத்தக்குழாய்த் தசை சுருங்குவதற்கும் அதே வழிதான் வேண்டும்; அந்தக் கைனேஸைத் தடுக்கும் ஃபாசுடில் என்னும் மருந்தை ஜப்பானில் 1995 முதல் பயன்படுத்துவதும், மூளையில் இரத்தம் கசிந்தபின் குழாய்கள் இறுகுவதைத் தளர்த்துவதற்கே. அதோடு, டி-செல் லிம்போமா என்னும் வெள்ளணுப் புற்றுநோய் வகைகள் சிலவற்றில், ரோ வகையைச் சேர்ந்த ரோஏ நொதி விழிக்கவே இயலாதபடி திரிந்திருப்பதை 2014இல் கண்டனர். அங்கே நோய்க்குத் துணைபோவது அதன் உறக்கம்.