பேட்டரி ஃபுல், ஆனாலும் இன்வெர்ட்டர் அணைந்தது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

அரைகுறை எலக்ட்ரீஷியன்:

ஆறு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பலரிடம் இருக்கும் அதே செட்டப்தான். 100 வாட் சோலார் பேனல் ஒன்று, 12 வோல்ட் 100 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரி, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சின்ன கன்ட்ரோலர், 600 வாட் இன்வெர்ட்டர். பேட்டரி மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டர் அம்மாவின் அறையில். நடுவில் 6 மீட்டர் ஒயர், வீட்டில் மிச்சம் கிடந்த 2.5 ஸ்கொயர் எம்.எம். லைட், ஃபேன், ரூட்டர் என்று மூன்று மாதம் குறையில்லாமல் ஓடியது. வந்தவர் போனவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அன்று மழை. கரண்ட் போய் நாலு மணி நேரம் இருக்கும். ராத்திரி அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. நெபுலைசரைச் செருகினேன். மெஷின் ஓடத் தொடங்கி, மாஸ்க்கில் மருந்துப் புகை வந்து, அம்மா ஒரு மூச்சு இழுத்தார். அதோடு இன்வெர்ட்டர் பீப் போட்டு அணைந்தது. மறுபடி ஆன் செய்தேன். ஒரு மூச்சு, பீப். மூன்றாவது தடவை அம்மாவே மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. செல்போன் வெளிச்சத்தில் பார்த்த அந்த முகம்தான் இன்னும் வந்து வந்து போகிறது.

இன்ஹேலரைத் தேடி எடுத்து எப்படியோ சமாளித்தோம். மறுநாள் அதே லோடைப் போட்டு மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரி முனையில் 12.0 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 10.4. என் இன்வெர்ட்டர் 10.5-க்குக் கீழே போனால் கட் ஆகிவிடும். பேட்டரியில் சார்ஜ் இருந்தது, வழியில் ஒயர் தின்றுவிட்டது. ஃபேனை மட்டும் அணைத்திருந்தால்கூட மெஷின் ஓடியிருக்கும். அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை.

லித்தியம் மட்டுமே:

வருத்தமாக இருக்கிறது நண்பரே. ஆனால் லித்தியம் வாங்கியிருந்தால் இது நடந்தே இருக்காது. லெட் ஆசிடில் லோடு ஏறினாலே வோல்டேஜ் தொங்கிவிடும். எழுதியிருப்பது 100 ஏ.எச்., அதாவது 1200 வாட்-அவர். ஆயுள் வேண்டுமென்றால் அதில் பாதிக்கு மேல் தொடக்கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80, 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். எடையும் பத்துப் பன்னிரண்டு கிலோதான், தண்ணீர் ஊற்றும் வேலையும் கிடையாது.

இன்னொன்று, யாருமே லோடு கணக்குப் போடுவதில்லை. 9 வாட் பல்பு இரண்டு, 5 மணி நேரம் என்றால் 90 வாட்-அவர். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 8 மணி நேரம், 240. ரூட்டர் 10 வாட், 10 மணி நேரம், 100. மொத்தம் 430. ஒரு 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 350, 400 கொடுத்தாலே பெரிய விஷயம். மேகம் மூடினால் அதில் கால் பங்குகூட வராது. அவசரத்துக்கு என்று வைப்பதை மழை நாளுக்குக் கணக்குப் போட வேண்டும், வெயில் நாளுக்கு இல்லை. ஆகவே குறைந்தது இரண்டு பேனல் வேண்டும். கன்ட்ரோலர் எம்.பி.பி.டி.யாக இருக்கட்டும், பேனலின் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் வகை அது. இன்னொரு வகையான பி.டபிள்யூ.எம். உங்கள் 18 வோல்ட் பேனலை பேட்டரியின் 13-க்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். 5.5 ஆம்பியர் அதேதான், 100 வாட்டுக்குக் கிடைப்பது 72 வாட்.

என் கதை சின்னது. பழைய கார் பேட்டரியில் ஆரம்பித்தேன். ஒரே வருடத்தில் செத்தது.

செம்புக்கம்பி:

மேலே உள்ளவருக்கு: ஒயர் கோளாறுக்குப் பேட்டரியை மாற்றச் சொல்கிறீர்கள். ஓடுவது லித்தியம் கரண்டா லெட் ஆசிட் கரண்டா என்று ஒயருக்குத் தெரியுமா? போக வர 12 மீட்டர், 2.5 செம்பு, சுமார் 0.08 ஓம். ஃபேனும் நெபுலைசரும் சேர்ந்து 200 வாட் என்றால் 12 வோல்ட் பக்கம் 19 ஆம்பியர். ஒன்றரை வோல்ட் வழியிலேயே போயிற்று. அவர் மீட்டரில் பார்த்ததும் அதுதானே?

சரி, என் அனுபவம். பேட்டரி நெகட்டிவ் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்திருந்தான். ஸ்பேனர் நழுவி இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே விழுந்தது. டமால் என்று வெடிக்கவெல்லாம் இல்லை. 'ப்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், வெள்ளை வெளிச்சம், ஸ்பேனர் அப்படியே ஒட்டிக்கொண்டு சிவந்தது. நான் உதைத்துத் தள்ளினேன். ஃபியூஸ் போட்டிருந்தேன், ஆனால் ஷார்ட் ஆனது ஃபியூஸுக்கு முன்னால், டெர்மினலிலேயே. அது என்ன செய்யும்? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் பேட்டரி வேறு. அறை மூடியிருந்திருந்தால் என்று இப்போதும் யோசிப்பேன். அன்றிலிருந்து ஸ்பேனரின் பிடி முழுக்க இன்சுலேஷன் டேப். தம்பி இன்னும் டார்ச் பிடிக்க வருவதில்லை.

கூரைமேல் 3 கிலோவாட்:

நீங்களெல்லாம் 100 வாட்டுக்கு அல்லாடுகிறீர்கள். என் மொட்டை மாடியில் 3 கிலோவாட். புயலுக்கு மறுநாள் உச்சி வெயில், வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது. வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செல்போனும் சார்ஜருமாக வந்து, "உங்கள் வீட்டில்தான் சோலார் இருக்கிறதே" என்று வாசலில் நின்றார். கிரிட்டோடு, அதாவது தெருவில் வரும் மின்வாரிய லைனோடு கட்டிய இன்வெர்ட்டர் கிரிட் இல்லையென்றால் தானாகவே நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் கரண்ட் பாய்ந்துவிடும். காரணம் நியாயமானதுதான். அதை அந்த வாசலில் நின்று அவருக்கு விளக்கியபோது அவர் நம்பவில்லை. "கொடுக்க மனமில்லை என்றால் சொல்லிவிடுங்கள்" என்றார். இப்போது தனியாக 100 வாட் பேனல் ஒன்று, சின்ன பேட்டரி ஒன்று வைத்திருக்கிறேன். அவர் அதற்கப்புறம் வரவில்லை.

தொட்டி நிழல்:

பேனல் ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 20 வோல்ட், கன்ட்ரோலரில் மாட்டினால் ஆம்பியர் பாதிகூட இல்லை. ஒரு வாரம் கன்ட்ரோலரைத் திட்டினேன், விற்றவரிடமும் சண்டை போட்டேன். பார்த்தால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பேனலின் ஒரு மூலையில், கையகலம். ஒரு செல் மறைந்தாலே அது இருக்கும் பாதிப் பேனல் போய்விடுகிறது. லோடு இல்லாமல் பார்க்கும் வோல்டேஜ் மங்கலான வெளிச்சத்திலும் நன்றாகத்தான் காட்டும், அதை நம்பாதீர்கள். விற்றவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கூச்சம்.

பனிக்காலம்:

லித்தியம் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. வெளிக் கொட்டகையில் வைத்திருந்தேன். பளீர் வெயில், பேனல் தயார், பேட்டரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பி.எம்.எஸ். கதவைச் சாத்திவிட்டது. பேட்டரியைக் குழந்தை மாதிரித் தூக்கி வந்து வீட்டுக்குள் உட்கார வைத்தேன்.

லித்தியம் மட்டுமே:

பி.எம்.எஸ். தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. அது குறையா? நல்ல பேட்டரி என்பதற்கு அதுவே அத்தாட்சி.

செம்புக்கம்பி:

சார், அவர் குறை சொல்லவே இல்லை.

மறந்துபோன ஸ்விட்ச்:

நான் செய்தது எல்லாவற்றையும்விட முட்டாள்தனம். இன்வெர்ட்டரை ஆன் செய்தபடியே விட்டுவிட்டேன். ஒன்றும் செருகவில்லை, சும்மா பச்சை விளக்கு எரிந்தது. அது சும்மா இருக்கவே 12 வாட் தின்கிறது, ஒரு நாளைக்கு 288 வாட்-அவர். மூன்று வாரம் மேகமூட்டம். கரண்ட் போன அன்று ஸ்விட்சைத் தட்டினால் சத்தமே இல்லை. பேட்டரி 10.9 வோல்ட். பல நாள் காலியாகக் கிடந்ததால் சல்பேட் படிந்து, அப்புறம் பழைய நிலைக்கு வரவேயில்லை. பிள்ளைகளிடம் "பார் இப்போது லைட் எரியும்" என்று எண்ணச் சொல்லியிருந்தேன். பத்து வரை எண்ணிவிட்டு இருட்டில் அமைதியாக நின்றார்கள்.

அரைகுறை எலக்ட்ரீஷியன்:

எல்லாவற்றையும் படித்தேன். லித்தியம் நண்பரே, கணக்கு பயனுள்ளதுதான், ஆனால் நான் பேட்டரி எது வாங்கலாம் என்று கேட்கவில்லை.

நான் செய்தது இவ்வளவுதான். இன்வெர்ட்டரைப் பேட்டரி பக்கத்திலேயே இறக்கிவிட்டேன். நடுவில் அரை மீட்டர் 16 ஸ்கொயர் எம்.எம்., பேட்டரி பாசிட்டிவ் ஓரமாகவே ஃபியூஸ். அம்மாவின் அறைக்குப் போவது இப்போது 230 வோல்ட், அதில் ஒரு ஆம்பியர்கூட ஓடாது. மாதம் ஒரு தடவை மெயினை இறக்கிவிட்டு, ஃபேன், நெபுலைசர், லைட் மூன்றையும் சேர்த்துப் போட்டு இருபது நிமிடம் ஓட்டுகிறேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். போன தடவை பத்து நிமிடத்திலேயே, "போதும், அணைத்துவிடு, ராத்திரிக்கு வேண்டும்" என்றார்.

தொட்டி நிழல்:

அண்ணா, 16 ஒயருக்கு லக் (ஒயர் முனையில் மாட்டும் ஓட்டை வைத்த உலோகத் துண்டு) என்ன சைஸ் வாங்கினீர்கள்? 6 எம்.எம். ஓட்டையா, 8-ஆ?

அரைகுறை எலக்ட்ரீஷியன்:

என் பேட்டரி போல்ட்டுக்கு 8. உங்களுடையதை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். லக்கை ஒயரில் அழுத்திப் பொருத்த (கிரிம்ப்) கட்டிங் பிளையரால் நசுக்காதீர்கள், நான் முதலில் அதைத்தான் செய்தேன். சூடானது.