பழைய பைத்தான் ரெப்போவில் ரஃப்: எல்லாப் பிழையையும் ஒரே கமிட்டில் திருத்தலாமா?

நிரல்தச்சன்
ஆறு பேர் கைவைக்கும் பைத்தான் ரெப்போ, சுமார் 40,000 வரி. ரிவ்யூவில் பாதி நேரம் இம்போர்ட் வரிசை, ஒற்றை மேற்கோளா இரட்டையா என்பதிலேயே போய்விடுகிறது. ரஃப் (பைத்தான் கோடின் பிழையையும் நடையையும் சரிபார்க்கும் கருவி) ஓட்டினால் கிட்டத்தட்ட 3,000 பிழை. `--ஃபிக்ஸ்` கொடுத்து எல்லாவற்றையும் திருத்தி ஒரே கமிட்டாகப் போட்டுவிடலாமா? ப்ரீ-கமிட் (கமிட்டுக்கு முன் அவரவர் கணினியில் ஓடும் சோதனை) வைத்த பிறகும் சிஐ-யில் (சர்வரில் தானாக ஓடும் சோதனை) ஓட்ட வேண்டுமா?

அரைப்புள்ளி
வேண்டாம். ஃபார்மட் (கோடின் தோற்றத்தைச் சீராக்குவது) வேறு, லின்ட் (விதிமீறல்களைத் தேடுவது) வேறு. இரண்டையும் கலந்தால் ஏதாவது உடையும்போது எதை ரிவர்ட் செய்வது என்றே தெரியாது.

திறந்திருக்கும் பிஆர்களை (மெர்ஜுக்குக் காத்திருக்கும் மாற்றங்களை) முதலில் மெர்ஜ் செய்து முடியுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொன்றிலும் கான்ஃப்ளிக்ட் வரும். வரி நீளத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்வது 79 எழுத்து, ரஃப்பின் இயல்புநிலை 88. உங்கள் கோட் ஏற்கெனவே 100-ஐ ஒட்டி இருந்தால் 100 என்றே வையுங்கள். பிறகு மனம் மாறினால் மொத்த ரெப்போவும் மறுபடி கலையும்.

அடுத்து `ரஃப் ஃபார்மட்` மட்டும் ஓட்டி, கையால் ஒரு எழுத்தும் மாற்றாமல் தனிக் கமிட். அதன் 40 எழுத்து ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறி) `.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்` கோப்பில் எழுதிவிட்டால் பிளேமில் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் கிட் வசதி) எல்லா வரியும் உங்கள் பெயரில் வந்து நிற்காது. கிட்ஹப் அந்தக் கோப்பைத் தானே படிக்கும். சொந்தக் கணினியில் கிட் கான்ஃபிக்கின் `பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்` அதைச் சுட்ட வேண்டும், கிட் 2.23 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. ஸ்குவாஷ் மெர்ஜ் (கமிட்டுகளை ஒரே புதுக் கமிட்டாக்கிச் சேர்ப்பது) செய்தால் ஹாஷ் மாறிவிடும். ஆகவே மெர்ஜ் முடிந்ததும் மெயினில் இருப்பதை எடுங்கள்.

வால்_இல்லா_லூப்
`--ஃபிக்ஸ்` விஷயத்தில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

எஃப்401 என்ற விதி பயன்படாத இம்போர்ட்டை நீக்கும். ஆனால் சிக்னல் ஹேண்ட்லர், பிளகின் பதிவு போன்ற மாடியூல்களை இம்போர்ட் செய்வதே அவை ஓட வேண்டும் என்பதற்காகத்தான். பெயர் வேறெங்கும் வராது. ரஃப்புக்கு அது குப்பை. நீக்கினால் எரர் எதுவும் வராது, ஹேண்ட்லர் பேசாமல் நின்றுவிடும். அந்த வரியில் `# நோக்யூஏ: எஃப்401` போடுங்கள், ரஃப் அங்கே அந்த விதியை விட்டுவிடும். விதி எண் இல்லாத வெறும் நோக்யூஏ அந்த வரியின் எல்லாப் பிழையையும் மறைத்துவிடும்.

இன்னொன்று ஈ711: `== நன்` என்பதை `இஸ் நன்` ஆக்கச் சொல்லும். எஸ்க்யூஎல்ஆல்கெமி (பைத்தானின் தரவுத்தள நூலகம்) ஃபில்டரில் `==` தான் 'ஐஎஸ் நல்' என்ற வினவலை உருவாக்குகிறது. `இஸ்` போட்டால் பைத்தான் அங்கேயே ஃபால்ஸ் என்று முடித்துவிடும், ஒரு ரெக்கார்டும் வராது. ரஃப் இதை அன்சேஃப் வகையில் வைத்திருப்பதால் `--அன்சேஃப்-ஃபிக்ஸஸ்` கொடுத்தால்தான் தொடும். அதை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். அங்கே `.இஸ்_(நன்)` என்று எழுதினால் இரு பக்கமும் சமாதானம்.

3,000-ஐப் பார்த்து மலைக்க வேண்டாம். `--ஸ்டாடிஸ்டிக்ஸ்` கொடுத்தால் விதிவாரியாக எண்ணிக்கை வரும். பெரும்பாலும் நாலைந்து விதிகள்தான் பட்டியலை நிரப்பியிருக்கும். ஒரு விதிக்கு ஒரு பிஆர். மீதிக்கு `--ஆட்-நோக்யூஏ` ஓட்டினால் பழைய வரிகளில் குறி விழும், புதுக் கோட் மட்டும் பிடிபடும். கடன்தான், ஆனால் எழுதி வைத்த கடன்.

பச்சைடிக்
சிஐ கட்டாயம். கிட் ஹுக்குகள் (ப்ரீ-கமிட் போல கமிட்டின்போது தானே ஓடும் நிரல்கள்) குளோனோடு வருவதில்லை. ஒவ்வொருவரும் `ப்ரீ-கமிட் இன்ஸ்டால்` ஓட்ட வேண்டும். ஓட்டியவரும் `--நோ-வெரிஃபை` என்று தாண்டிப் போகலாம். சிஐ-யில் `ரஃப் செக்`, `ரஃப் ஃபார்மட் --செக்` இரண்டும் ஓடி, பிராஞ்ச் புரொடெக்‌ஷனில் கட்டாயமாக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஹுக் வரிசை: முதலில் `--ஃபிக்ஸ்` உடன் செக், பிறகு ஃபார்மட். திருத்தத்தால் குலைந்த வரிகளை ஃபார்மட் சரிசெய்யும். ஹுக் கோப்பை மாற்றினால் கமிட் நிற்கும். மறுபடி `கிட் ஆட்` செய்து கமிட் போட வேண்டும். புதியவர்கள் இதை 'ஹுக் உடைந்துவிட்டது' என்பார்கள்.

'என் கணினியில் பச்சை, சிஐ-யில் சிவப்பு' புகாரில் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பு. ப்ரீ-கமிட் கோப்பின் `ரெவ்` எண்ணும் சிஐ-யில் நிறுவும் ரஃப் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிரல்தச்சன்
மைக்ரேஷன் அடைவை `எக்ஸ்க்ளூட்`டில் போட்டிருக்கிறேன். ஆனாலும் கமிட்டின்போது அதையும் மாற்றுகிறதே?

பச்சைடிக்
லோக்கல் ஹுக்காக நீங்களே எழுதியிருப்பீர்கள். ப்ரீ-கமிட் கோப்புப் பெயர்களை நேராகக் கொடுக்கும். நேராகக் கொடுத்த கோப்புக்கு ரஃப் `எக்ஸ்க்ளூட்`டைப் பார்க்காது. `--ஃபோர்ஸ்-எக்ஸ்க்ளூட்` சேருங்கள். ரஃப்பின் அதிகாரபூர்வ ஹுக்கில் அது ஏற்கெனவே உண்டு.