மறுமொழி: 'ஸோனிங் வேரியன்ஸ்' தமிழில் எப்படி?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> 'விதிவிலக்கு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான். இழையைத் தொடங்கும்போதே பின்னணியைச் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஊரை மண்டலங்களாகப் பிரித்து எங்கே என்ன, எந்த அளவில் வரலாம் என்று விதிப்பது ஸோனிங். அந்த விதியை ஒரு மனைக்கு மட்டும் நெகிழ்த்தி ஊரின் மண்டலக் குழு தரும் அனுமதி வேரியன்ஸ். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். போன மாதம் வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார். நான் வேலை முடிந்து வருவதற்குள், "யாரோ நம்ம மேல கேஸ் போட்டிருக்காங்க மாப்ள" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். பிரித்துப் பார்த்தால், தெருமுனை வீட்டுக்காரர் ஆறடி வேலி போட வேரியன்ஸ் கேட்டிருக்கிறார். இந்த மாநிலத்தில் அப்படி மனுப் போட்டால், அந்த இடத்தைச் சுற்றி 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கெல்லாம் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு வந்தது அதுதான்.

எங்கள் ஊர் விதிப்படி வீட்டின் முன்புறம் வேலி நாலடிக்கு மேல் கூடாது, பின்புறம் ஆறடி வரை போடலாம். "அவர் பக்கவாட்டிலதானே போடறார்?" என்று மாமா கேட்டார். சிக்கலே அங்கேதான். முனை மனைக்கு இரண்டு தெரு. தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் முன்புறம்தான் என்கிறது விதி. நடு மனைக்காரர் பிள்ளைகளை விளையாட விடும் இடத்தில் ஆறடி வேலி போட்டுக்கொள்கிறார். முனை வீட்டுக்காரருக்கு அதே இடம் சட்டத்தின் கண்ணில் வாசல் பக்கம். இதில் அவர் மேலும் குற்றமில்லை, விதி மேலும் குற்றமில்லை. மனையின் வாகு அப்படி.

இந்த 'மனையின் வாகு'தான் வேரியன்ஸின் உயிர் என்பது என் கட்சி. நியூ ஜெர்சிச் சட்டம் எடுத்துச் சொல்லும் காரணங்களைப் பாருங்கள்: மனை குறுகலாக இருப்பது, ஆழம் போதாதது, உருவம் கோணலாக இருப்பது, தரை மேடும் பள்ளமுமாக இருப்பது. நிலத்தோடு பிறந்த கஷ்டம். 'எனக்குச் செலவாகும்' என்றால் எடுபடாது. தானே இழுத்துவிட்டுக்கொண்ட கஷ்டமும் மனுவுக்கு எதிராகவே பேசும். கிடைத்த அனுமதியும் மனுதாரரோடு போவதில்லை. நாளை அவர் வீட்டை விற்றாலும் அது நிலத்தோடேயே இருக்கும்.

இனி, வந்த சொற்களுக்கு வருகிறேன்.

'விதிவிலக்கு' என்றால் விதி அங்கே செல்லாது என்று பொருள். வேரியன்ஸில் விதி செல்லும்; நாலடி ஆறடியாக நெகிழ்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அவர் ஏழடி போட்டால் மீறல்தான்.

'மாறுபாடு' வேண்டாம். செலவுக் கணக்கு எழுதுபவர்கள் அதை ஏற்கனவே எடுத்துக்கொண்டார்கள். புள்ளியியலிலோ ஒரே வேரியன்ஸுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'விலக்க வர்க்கச் சராசரி' என்கிறது, இலங்கையில் 'மாறற்றிறன்'. அந்தக் கூட்டத்தில் வேலியையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா?

> வழுவமைதி! நன்னூலிலேயே இருக்கிறதே ஐயா!

மதுரை நண்பரே, இதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழு, அதாவது அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன பிழை; உவப்பினால் சொன்னதால் சரியென்று ஏற்கப்பட்டது. வழுவும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, ஏற்பும் இருக்கிறது. ஆனால் வழுவமைதியில் வழு முதலில் நிகழ்ந்துவிடுகிறது. வேரியன்ஸோ வேலிக்குக் குழி தோண்டுவதற்கு முன்பே கேட்டுப் பெற வேண்டியது. கட்டிவிட்டுப் பிறகு கேட்பவர்களும் உண்டு, ஆனால் அது முறையல்ல. உங்கள் சொல் பொருந்தும் இடம் நம்மூரிலேயே இருக்கிறது: 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ, 113-சி பிரிவுகளில் நடக்கும் 'வரன்முறைப்படுத்துதல்'. விதியை மீறிக் கட்டி முடித்த கட்டடத்தைப் பணம் கட்டவைத்து ஏற்றுக்கொள்வது. வழுவமைதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நன்னூலாரே தந்திருக்க மாட்டார்.

> எங்கட பக்கம் 'புறநடை' எண்டுதான் எழுதுவம்.

அக்கா, இந்தச் சொல்லை நான் விடப்போவதில்லை, வேறோர் இடத்தில் வைக்கப்போகிறேன். அமெரிக்கச் சட்டத்தில் 'ஸ்பெஷல் எக்ஸெப்ஷன்' என்று தனியாக ஒன்று உண்டு. குடியிருப்பு மண்டலத்தில் பள்ளியோ கோயிலோ வரலாம், இன்னின்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டால், என்று விதிநூலே சொல்லிவைத்திருக்கும். இலக்கண நூல்களில் புறனடைச் சூத்திரமும் (பொது விதிக்குள் அடங்காததைச் சொல்வது) நூலுக்குள்ளேயே இருப்பதுதானே. ஆகவே அதற்குப் 'புறநடை அனுமதி'. வேரியன்ஸ் அப்படி நூலில் எழுதிவைத்ததல்ல. ஒருவர் வந்து கேட்டு, குழு உட்கார்ந்து பார்த்துத் தருவது.

எனக்குத் தோன்றும் சொல் 'தளர்வு'. 2020 ஊரடங்குக்குப் பிறகு இதை விளக்கிச் சொல்ல வேண்டிய தமிழர் யாருமில்லை. விதி இருக்கிறது, பிடி மட்டும் தளர்கிறது. அரசு அலுவலகத்தில் 'விதித்தளர்வு' என்று ஏற்கனவே உண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஆளுக்கு: வயது, கல்வித்தகுதி, பணிக்காலம். இங்கே தளர்வு நிலத்துக்கு. அதனால் மனைத்தளர்வு.

இதில் இரண்டு வகை. உயரம், அகலம், எண்ணிக்கை பற்றியது 'அளவுத் தளர்வு'. சாலையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் கடைக்குக் கொஞ்சம் பெரிய பெயர்ப்பலகை, 20 வண்டி நிறுத்த இடம் கேட்கும் விதிக்கு 16 மட்டுமே காட்ட முடிந்த உணவகம், நம் வேலிக்காரர், எல்லாம் இதில் அடங்கும். வீட்டுப் பகுதியில் பட்டறை வைப்பது போல நிலத்தின் பயனையே மாற்றக் கேட்பது 'பயன்பாட்டுத் தளர்வு'. இது கடினம். நியூ ஜெர்சியில் ஏழு பேர் கொண்ட குழுவில் ஐந்து பேர் ஆம் என்றால்தான் கிடைக்கும். அளவுத் தளர்வுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

பெயர்ப்பலகைக்குத் தரும் தளர்வை 'விளம்பரத் தளர்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பலகைத் தளர்வு' என்போம். அரிசோனாவின் கில்பர்ட் ஊரில் அரசியல் பலகை 32 சதுர அடி வரை, கருத்துப் பலகை 20, வழிபாட்டுக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகை 6 சதுர அடிதான் என்று விதி இருந்தது. எழுதியிருக்கும் விஷயத்தைப் பார்த்து அளவு வைப்பது செல்லாது என்று 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலகையின் அளவும் உயரமும் விளக்கும்தான் குழுவின் வேலை. எழுதியிருப்பது விளம்பரமா வேதமா என்பதல்ல. விளம்பரம் என்று சொல்லிலேயே வைத்தால் அந்தக் குழப்பம் திரும்ப வரும்.

(இன்னொன்று: வீடு, கடை, ஆலை என்று பயன்வாரியாக ஊரைப் பிரிக்கும் 'யூக்ளிடியன் ஸோனிங்'கை யாரோ 'வடிவியல் மண்டலமுறை' என்று சொற்பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த யூக்ளிட் கணித மேதை அல்ல. ஒஹையோவில் அன்று கிராமமாக இருந்த ஓர் ஊர்; 1926 வழக்கு அந்தக் கிராமத்தின் பெயரில் நடந்தது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.)

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து

---

> தம்பி, தளர்வு சரி. 'மனை' எங்களுக்கு வீடு. மனைத்தளர்வு எண்டால் அத்திவாரம் இறங்கிப்போச்சோ எண்டு பயப்படுவினம். காணி எண்டு போடும்.

அக்கா, சிரித்துவிட்டேன். தமிழ்நாட்டில் 'மனைப்பிரிவு' என்றால் வெறும் நிலம்தான், அதில் கடைக்கும் இடம் உண்டு. ஆனால் 'காணி' எங்களுக்கு வயலைத்தான் நினைவூட்டும். பட்டியலில் இரண்டையும் ஏற்றுவோம்: மனைத்தளர்வு, இலங்கையில் காணித்தளர்வு. ஓடும் வாக்கியத்தில் அளவுத் தளர்வு, பலகைத் தளர்வு, நிறுத்திடத் தளர்வு என்று வரும்போது இந்தச் சண்டையே எழாது.

மாமாவுக்காக அந்த அறிவிப்பை மொழிபெயர்த்த வரி இது. திருத்துங்கள்:

'முனை மனையின் இரண்டாம் முன்புறத்தில், அனுமதிக்கப்பட்ட 4 அடிக்குப் பதிலாக 6 அடி உயர வேலி அமைக்க மனைத்தளர்வு கோரி மனு. உங்கள் சொத்து 200 அடிக்குள் இருப்பதால் இந்த அறிவிப்பு. விசாரணையில் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம்.'

மாமா படித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: 'கோரி மனு' என்றால் கேட்டவர் யார் என்று தெரியவில்லையாம். 'தெருமுனை வீட்டுக்காரர்' என்று முதலில் சேர்த்துவிடுகிறேன்.