யூரிபோர் ரீசெட் இடைவெளியை எந்தத் தளத்தில் மூடுவது?

நிகரக்கணக்கு:

3 மாத யூரிபோர் (யூரோவில் வங்கிகளுக்கிடையேயான கடன் வட்டிக் குறியீடு) ஸ்வாப் புக் ஒன்று, அதாவது நிலைவட்டிக்கும் யூரிபோருக்கும் இடையிலான மாற்று ஒப்பந்தங்களின் தொகுப்பு. மொத்தமாகப் பார்த்தால் டெல்டா (வட்டி நகர்ந்தால் புக்கின் மதிப்பு மாறும் அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம். நாள்வாரியாகப் பிரித்தால் கணக்கு வேறு. உதாரணத்துக்கு, வரும் மாதம் 9-ஆம் தேதி ஃபிக்சிங்கில் (அன்றைய யூரிபோரை வைத்து வட்டி நிர்ணயமாகும் ரீசெட்டில்) 50 கோடி யூரோவுக்கு யூரிபோர் நமக்கு வரவு. 21-ஆம் தேதி ஃபிக்சிங்கில் அதே 50 கோடிக்கு யூரிபோர் நாம் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டிக் கூட்டம். 91 நாள் காலம் என்று வைத்தால் ஒரு பேசிஸ் பாயிண்டுக்கு (0.01 சதவீதம்) 12,639 யூரோ. அந்த இடைவெளியில் யூரிபோர் 6 பேசிஸ் பாயிண்ட் ஏறினால் 75,833 யூரோ நஷ்டம்.

மூட மூன்று வழி தெரிகிறது. ஒஸ்ட்ராவின் ரீசெட், டிபி ஐகேப்பின் மேட்ச்புக் மாதிரியான மேட்சிங் ரன் (எதிரெதிர் நிலை உள்ளவர்களைப் பொருத்தும் சுற்று). புரோக்கர் மூலம் நேரடியாக எஃப்ஆர்ஏ (ஒரே ஒரு வட்டிக் காலத்துக்கான முன்கூட்டிய வட்டி ஒப்பந்தம்). ஐஸ் அல்லது யூரெக்ஸ் சந்தையில் யூரிபோர் ஃபியூச்சர்ஸ். எல்லாருமே தங்களிடம்தான் செலவு குறைவு என்கிறார்கள். எதை வைத்து ஒப்பிடுவது? கட்டணப் பட்டியல் மட்டும் போதுமா?

வட்டிக்கோடு:

கட்டணப் பட்டியலைக் கடைசியில் பாருங்கள். மேட்சிங் ரன்னில் பிட்-ஆஃபர் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) கிடையாது. தளமே ஒரு நடுக் கோட்டை (தேதிவாரியான நடு வட்டி விகிதங்களை) வெளியிடும். பொருந்துகிற எஃப்ஆர்ஏ எல்லாம் அந்தக் கோட்டில் பதிவாகும். அங்கே நீங்கள் தேடுவது எதிராளியை. 9-ஆம் தேதி உங்களிடம் மிஞ்சியிருப்பது யாரிடம் குறைகிறதோ அவர் அதே ரன்னில் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டணம் பாதியாக இருந்தும் அவர் அங்கே இல்லை என்றால் அந்தத் தளம் உங்களுக்குக் காலி மைதானம்.

தளத்துக்குப் போகும் முன் வீட்டுக் கணக்கைத் தீருங்கள். ஸ்வாப் டெஸ்கிலும் கருவூலத்தின் கடன் புக்கிலும் ஒரே தேதி எதிரெதிராகக் கிடப்பது சாதாரணம். அதை உள்மாற்றாகவே அடித்துவிட்டால் அந்த அளவுக்குக் கட்டணமும் மார்ஜினும் (ஈட்டுப் பணமும்) மிச்சம்.

பிறகு கோப்பு. ஃபிக்சிங் தேதி, தொடக்க தேதி, முடிவு தேதி, குறியீடு, நிகரத் தொகை, திசை ஆகியவற்றோடு, ஒரு பேசிஸ் பாயிண்டுக்கு எத்தனை யூரோ என்ற நெடுவரிசையும் இருக்கட்டும். உங்கள் உதாரணத்தில் 9-க்கு எஃப்ஆர்ஏ விற்க வேண்டும், 21-க்கு வாங்க வேண்டும். எஃப்ஆர்ஏ வாங்குபவர் நிலைவட்டி கொடுத்து யூரிபோர் பெறுகிறவர். கேட்டால் சின்ன விஷயம். குறி மாறிப் போனால் இடைவெளி இரண்டு மடங்காகும்.

கோப்போடு இரண்டு வரம்பு கொடுப்பீர்கள்: ஒவ்வொரு தேதிக்கும் அதிகபட்சம் எவ்வளவு, ரன் முடிந்த பின் மொத்த டெல்டா எவ்வளவு நகரலாம். இரண்டாவதைத் தளர்வாக விடாதீர்கள். 9-ஆம் தேதிப் பகுதி 50 கோடிக்கும் முழுதாகப் பொருந்தி, 21-ஆம் தேதிப் பகுதி 20 கோடியோடு நின்றால், மீதி 30 கோடிக்கு வெறும் திசைப் பந்தயம் கையில் இருக்கும்: பேசிஸ் பாயிண்டுக்கு 7,583 யூரோ. மொத்த டெல்டா வரம்பு 2,000 யூரோ என்று இருந்திருந்தால் பொருத்தும் நிரல் அதைத் தடுத்திருக்கும்.

நடுக் கோட்டையும் கண்ணை மூடி ஏற்காதீர்கள். 21-ஆம் தேதிக்குத் தளத்தின் எண் உங்கள் கோட்டைவிட 0.4 பேசிஸ் பாயிண்ட் மேலே இருந்தால், வாங்குகிற உங்களுக்கு அது 5,056 யூரோ. கட்டண விலைப்புள்ளியில் இது வராது. ஒப்பிடும்போது நான் வைக்கும் வகுத்தல் இது: மேலே கட்டணமும் கோட்டு வித்தியாசமும், கீழே நிஜமாகவே குறைந்த இடர். நான்கைந்து வாரம் இரண்டு தளத்திலும் கோப்பு கொடுத்து, கொடுத்ததில் எத்தனை சதவீதம் பொருந்தியது என்று தேதிவாரியாகக் குறித்தால் போதும். வட்டிக் கூட்டத்தை ஒட்டிய நாட்களைத் தனியாக எண்ணுங்கள். மற்ற நாட்களில் நன்றாகப் பொருந்தி, அந்த வாரத்தில் மட்டும் வறண்டு போகிற தளத்தால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. (ஒரே கோப்பை முழு அளவோடு இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடாதீர்கள், இரண்டிலும் பொருந்தித் தொலைக்கும்.)

மார்ஜின்மணி:

எதிராளி முக்கியம் என்பது சரி. ஆனால் அதற்கும் முந்தைய கேள்வி, உங்கள் ஸ்வாப்கள் எந்த கிளியரிங் ஹவுஸில் (இரு தரப்புக்கும் நடுவில் நின்று உத்தரவாதம் தரும் அமைப்பில்) இருக்கின்றன? லண்டனின் எல்சிஹெச்சில் இருந்தால், அங்கேயே கிளியர் ஆகும் எஃப்ஆர்ஏ அதே கணக்கில் ஸ்வாப்போடு நிகராகும், மார்ஜின் பெரிதாக ஏறாது. ஐஸ் ஃபியூச்சர்ஸ் எடுத்தால் அது ஐஸ் கிளியரில் தனி மார்ஜின். பொருளாதாரக் கணக்கில் ஹெட்ஜ். மார்ஜின் கணக்கில் ஒன்றையொன்று அறியாத இரண்டு நிலைகள்.

ஃபியூச்சர்ஸ் எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாட் 10 லட்சம் யூரோ, பேசிஸ் பாயிண்டுக்கு 25 யூரோ. 12,639-ஐ 25-ஆல் வகுத்தால் 506 லாட். 9-ஆம் தேதி ஃபிக்சிங் வெளியான கையோடு விற்க வேண்டும் (21-ல் யூரிபோர் ஏறினால் நஷ்டம், ஃபியூச்சர்ஸ் விலையோ வட்டி ஏறினால் இறங்கும்), 21 காலை திரும்ப வாங்க வேண்டும். பிட்-ஆஃபர் 0.005 என்றால் போய்வரச் செலவு 6,325 யூரோ, அதாவது அரை பேசிஸ் பாயிண்ட். இது மலிவுதான். ஆனால் அந்த காண்ட்ராக்ட் காலாண்டு மாதத்தின் மூன்றாவது புதனை வைத்து ஓடுவது. கடைசி வணிக நாள் அதற்கு இரண்டு வேலை நாள் முன், திங்கள். உங்கள் 21-ஆம் தேதி ஃபிக்சிங்கின் காலம் வேறு. கூட்டத்தில் வட்டியைத் தொடாமல் பேச்சில் மட்டும் தொனி மாறினால் பின்தேதிக் காண்ட்ராக்ட் ஓடும், உங்கள் ஃபிக்சிங் அசையாது. வட்டி மட்டத்தை ஃபியூச்சர்ஸ் மூடும், தேதியை மூடாது.

இடைவெளி மூன்றாவது புதனுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் ஃபியூச்சர்ஸுக்கே முதல் ஓட்டு. அந்தத் திங்கள் ஃபிக்சிங்கில் உள்ள நிலையை காண்ட்ராக்டின் இறுதித் தீர்வே நேராகச் சந்தித்துவிடும்.

தளப் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. யூரிபோர் ஃபியூச்சர்ஸில் சவால் விட்டவர்கள் பட்டியல் உற்சாகம் தருவது இல்லை. நாஸ்டாக்கின் என்எல்எக்ஸ் 2013-ல் லண்டனில் வந்தது, 2017-ல் மூடியது. லண்டன் பங்குச் சந்தையும் பெரிய வங்கிகளும் சேர்ந்து நடத்திய கர்வ்குளோபல் 2016-ல் வந்தது. எல்சிஹெச்சில் ஸ்வாப்போடு மார்ஜின் கழிவு என்ற நல்ல வாதம் அதனிடம் இருந்தது. 2022 ஜனவரியில் அதுவும் போயிற்று. ஒரு சந்தையில் எடுத்த காண்ட்ராக்டை இன்னொரு சந்தையில் மூட முடியாது. திறந்த நிலைகள் எங்கே குவிந்திருக்கின்றனவோ அங்கேதான் வெளியேறவும் ஆள் இருப்பார். கட்டணச் சலுகையும் மார்ஜின் கழிவும் அதை அசைக்கவில்லை.

இப்போது ஜெர்மனியின் யூரெக்ஸ் அதே வாதத்தோடு நிற்கிறது, ஆனால் பின்னால் சட்டமும் இருக்கிறது. எமிர் 3 (ஐரோப்பிய ஒன்றியத்தின் டெரிவேட்டிவ் விதிகள்) திருத்தத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் யூரோ வட்டி டெரிவேட்டிவ் வைத்திருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்கள் 2025 ஜூன் முதல் ஒன்றியத்துக்குள் உள்ள கிளியரிங் ஹவுஸில் செயல்படும் கணக்கு வைத்திருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அதற்குள் வருகிறதா என்று இணக்கத் துறையைக் கேட்டுவிட்டுத் தளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்வாப் யூரெக்ஸுக்கு நகர்ந்த பிறகு எல்சிஹெச்சில் எஃப்ஆர்ஏ போட்டால் இரண்டு பக்கமும் மார்ஜின் கட்டுவீர்கள்.

பின்னறை:

தளம் எதுவானாலும் சிக்கல் வர்றது பெரும்பாலும் கோப்புல. அடிக்கடி பாக்கறது:

ஸ்வாப்போட வட்டிக் காலமும் எஃப்ஆர்ஏ காலமும் ஒண்ணா இருக்காது. ஃபிக்சிங் தேதி ஒரே நாள்தான், ஆனா எஃப்ஆர்ஏ 92 நாள், ஸ்வாப் காலம் விடுமுறை தாண்டி 94 நாள். 50 கோடிக்கு 50 கோடின்னு அடிச்சா குறையும். 94/92 பெருக்கி 51.09 கோடி போடணும். ஒரு பேசிஸ் பாயிண்டுக்கு எவ்வளவுங்கற நெடுவரிசைய வச்சு சரிபார்த்தா இது தானா மாட்டும்.

டார்கெட் (யூரோ பணத் தீர்வு அமைப்பு) விடுமுறை: ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26. யூரிபோர் ஃபிக்சிங் தொடக்க தேதிக்கு ரெண்டு டார்கெட் வேலை நாள் முன்னாடி. இங்க சென்னைல உக்காந்து உள்ளூர் விடுமுறைக் காலண்டரை ஏத்தின சிஸ்டம், ஈஸ்டர் வாரத்துல தேதிய ஒண்ணு ரெண்டு நாள் தள்ளிடும்.

செத்த ட்ரேடு. கோப்பு எடுத்த அப்புறம் ட்ரைஆப்டிமா மாதிரி கம்ப்ரஷன்ல (எதிரெதிர் ட்ரேடுகளைக் கழிச்சு நீக்கறது) ஸ்வாப் கழிஞ்சு போயிருக்கும், இல்ல நொவேஷன்ல வேற பேருக்குப் போயிருக்கும். இல்லாத நிலைக்கு ஹெட்ஜ் போட்டா அந்த ஹெட்ஜே புது இடைவெளி. கம்ப்ரஷன் காலண்டரை ரீசெட் ரன் காலண்டர் பக்கத்துல வச்சுக்கோங்க. ஒரே வாரத்துல வந்தா கம்ப்ரஷன் முடிவு வந்த பிறகே கோப்பு எடுங்க.

பணம் வர்ற நாள். எஃப்ஆர்ஏ தீர்வு காலத்தோட தொடக்கத்துலயே, தள்ளுபடி பண்ணி. யூரிபோர் 2 சதவீதம்னா ஒரு பேசிஸ் பாயிண்டுக்கு 12,639 இல்ல, 12,575 தான் கைக்கு வரும். ஸ்வாப் பணம் மூணு மாசம் கழிச்சு. இடர் கணக்குல சரியா போயிடும், ஆனா பண ஓட்ட அறிக்கைல வித்தியாசமா தெரியும், யாராவது கேப்பாங்க. அது வேண்டாம்னா ஒற்றைக் கால ஸ்வாப். அதுல பணம் கடைசிலதான்.

அப்புறம், பொருந்திடுச்சுன்னு மெயில் வந்தா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. மார்கிட்வயர்ல (ட்ரேடை உறுதிப்படுத்தற தளம்) ரெண்டு பக்கமும் உறுதியாகி, கிளியரிங் ஹவுஸ் ஏத்துக்கிட்ட அப்புறந்தான் அது ஹெட்ஜ்.

நிகரக்கணக்கு:

நன்றி, மூவருக்கும். புக் எல்சிஹெச்சில்தான் இருக்கிறது, அதனால் மேட்சிங் ரன், மிச்சத்துக்கு ஃபியூச்சர்ஸ் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு துணைக் கேள்வி. ரன்னில் எத்தனை நாள் முன்னால் கலந்துகொள்வது? டாலர் பக்கமும் இதே முறை ஓடுமா?

வட்டிக்கோடு:

ரொம்ப முன்னால் போனால் புக் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் முன்னால் போனால் மற்றவர்கள் மூடிவிட்டிருப்பார்கள். இரண்டு மூன்று வாரம் முன்பே பெரிய பகுதி, கடைசி வாரத்தில் மிச்சம். வட்டிக் கூட்டத்துக்கு இரு புறமும் உள்ள தேதிகளை முதல் ரன்னிலேயே கொடுங்கள், அங்கேதான் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்வது.

இன்னொரு வாரமும் அப்படித்தான்: செப்டம்பர் கடைசி. செப்டம்பர் 29-ல் தொடங்கும் 3 மாதக் காலம் டிசம்பர் 29-ல் முடிந்துவிடும்; அக்டோபர் 1-ல் தொடங்குவது ஆண்டு முடிவைத் தாண்டும். மத்திய வங்கி வாயே திறக்காவிட்டாலும் அந்த இரண்டு நாளுக்குள் ஃபிக்சிங் குதிக்கலாம். ரன் கோட்டில் அந்தப் படி இருக்கிறதா என்று பாருங்கள். வழவழவென்று ஓடினால் ஒரு பக்கத்துக்கு இலவசப் பணம், அது நீங்களாக இல்லாமலும் போகலாம்.

மார்ஜின்மணி:

டாலரில் தேவையே சுருங்கிவிட்டது. லைபோர் (யூரிபோர் மாதிரியான லண்டன் குறியீடு) காலத்தில் டாலர், பவுண்ட், யென் எல்லாவற்றிலும் நாள்தோறும் ஃபிக்சிங் இருந்தது. ரீசெட் தளங்கள் வளர்ந்ததே அதில்தான். 2021 இறுதியில் பவுண்டும் யென்னும், 2023 ஜூன் 30-ல் டாலரும் முடிந்தன. டாலர் லைபோரின் இடத்தில் வந்த சோஃபர் (டாலரின் ஒருநாள் வட்டி) ஸ்வாப்பில் வட்டி நாள்தோறும் கூட்டு வட்டியாகச் சேர்கிறது. ஒரு நாள் துள்ளினாலும் அது தொண்ணூற்றுச் சொச்ச நாளில் கரையும், 9-க்கும் 21-க்கும் பெரிய சண்டை இல்லை. ரூபாய் ஓஐஎஸ்ஸும் (ஒருநாள் வட்டி ஸ்வாப்) ஒருநாள் மைபோரின் (மும்பையின் வங்கிகளுக்கிடையேயான வட்டி) கூட்டு வட்டிதான், அங்கும் இந்தத் தலைவலி குறைவு.

டெர்ம் சோஃபர் (காலம் முழுவதற்கும் முன்கூட்டியே நிர்ணயமாகும் சோஃபர்) கடன்களில் மட்டும் பழைய மாதிரி ஒரே நாள் ஃபிக்சிங் உண்டு. ஆனால் அமெரிக்க மாற்று வட்டிக் குழுவான ஏஆர்ஆர்சியின் பரிந்துரைப்படி டீலர்கள் தங்களுக்குள் டெர்ம் சோஃபர் டெரிவேட்டிவ் வணிகம் செய்வதில்லை. கடன் வாங்கிய நிறுவனங்கள் எல்லாம் ஒரே பக்கம், டீலர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம். டீலருக்கு டீலர் பொருத்த ஆளே இல்லாத இடத்தில் மேட்சிங் ரன் எப்படி ஓடும்? அந்த இடைவெளியை டீலர்கள் சிகாகோ சந்தையான சிஎம்இ-யின் 1 மாத, 3 மாத சோஃபர் ஃபியூச்சர்ஸில் தோராயமாக மூடி, மீதியை வாடிக்கையாளர் விலையில் ஏற்றுகிறார்கள். 2024 செப்டம்பரில் எஃப்எம்எக்ஸ் என்ற புதிய சந்தை சிஎம்இ-க்கு எதிராக சோஃபர் ஃபியூச்சர்ஸைத் தொடங்கியது, கிளியரிங் எல்சிஹெச்சில். கர்வ்குளோபல் சொன்ன அதே மார்ஜின் கழிவுதான் அதன் முதல் வாதமும். டாலர் ஹெட்ஜை அங்கே வைக்க யோசித்தால், கட்டணத்துக்கு முன்னால் உங்களுக்கு வேண்டிய மாதத்தில் திறந்த நிலை எத்தனை லாட் என்று பாருங்கள்.