ஆவணியில் வீடு மாறுகிறோம், யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஆடி முடிந்ததும் வேளச்சேரியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோகிறோம். பேக்கர்ஸ் கேட்கும் தொகைக்குப் பாதி சாமானைப் புதிதாகவே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அதனால் நாங்களே கட்டி, லாரி மட்டும் பிடிப்பதாக முடிவு. குட்டியானையில் ஏறாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார்.

மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சொல்லிவைத்து அட்டைப்பெட்டி சேர்க்கிறேன். கண்ணாடிச் சாமான்களுக்குப் பழைய பருத்திப் புடவைகள் இருக்கின்றன. வேறு ஊர் என்பதால் சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டும். ஃப்ரிட்ஜை நிற்கவைத்தே ஏற்றி, இறக்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் ஸ்விட்ச் போட வேண்டும். இதெல்லாம் சரி.

என் கவலை கிரைண்டர். டேபிள்டாப் இல்லை, அம்மா கொடுத்த பழைய பெரிய கல். குழவியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிவிடலாம். ஆனால் லாரி குலுங்கும்போது கல்லும் நடுத்தண்டும் அசையாமல் இருக்க என்ன வைத்து முட்டுக்கொடுப்பீர்கள்? பழைய தலையணை தாங்குமா?

அப்புறம், சுவரில் ஆணி ஓட்டைகள். ஓனர் பெயிண்டுக்கென்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பாராம். வெள்ளை சிமென்ட் வைத்து அடைக்கலாம், ஆனால் சுவர் சந்தன நிறம். பளிச்சென்று தெரியாமல் இருக்க மலிவான வழி உண்டா?

கடைசியாக, உப்புத் தண்ணீரோடு ஒரு ஜாடி நிறைய மாவடு இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போ என்கிறார் மாமியார். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.