சிறுவர் நீச்சலில் கால் உதைக்கு இவ்வளவு நேரம் தேவையா?

ஆழிமகன்: என் மகளுக்குப் பத்து வயது. ஒரு மணி நேரப் பயிற்சியில் பாதி, கிக் போர்டை, அதாவது மிதவைப் பலகையை, பிடித்துக்கொண்டு காலை உதைப்பதிலேயே கழிந்துவிடுகிறது. ஃப்ரீஸ்டைலில் உந்துவிசையின் பெரும்பகுதியைத் தருபவை கைகள். தொடைத் தசைகளோ ஆக்சிஜனை வாரிக் குடித்துவிட்டு அதற்கு ஈடான வேகத்தைத் தருவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 14:31.02 என்ற அப்போதைய உலக சாதனை நேரத்தில் முடித்த சீனாவின் சுன் யாங், பெரும்பகுதித் தூரத்தை ஒரு கைச்சுற்றுக்கு இரண்டே உதைகளோடுதான் கடந்தார். அந்த அரை மணி நேரத்தைக் கைவீச்சுக்குக் கொடுத்தால் என்ன?

குளத்தங்கரை: அதே பந்தயத்தின் கடைசி 50 மீட்டரை விட்டுவிட்டீர்களே, ஐயா. கால்களை முடுக்கிவிட்டு அதை 25.68 வினாடிகளில் முடித்தார். சிறுவயதிலிருந்தே பழகாத கால் அந்த நேரத்தில் கைகொடுக்காது. மேலும், உதையின் வேலை உந்துவது மட்டுமன்று. நுரையீரலில் காற்று இருப்பதால் மார்பு மிதக்கும், கால்கள் தாழும். தாழ்ந்த கால்கள் நீரின் எதிர்ப்பைக் கூட்டுவதால் கை எவ்வளவு இழுத்தாலும் வீண். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், 17 வயதில், 400 மீட்டரை 3:40.59-இல் முடித்த ஆஸ்திரேலியாவின் இயன் தோர்ப், ஒரு கைச்சுற்றுக்கு ஆறு உதை உதைக்கும் நீச்சல்காரர்.

ஆழிமகன்: தோர்ப்பின் பெரிய பாதம் எல்லாருக்கும் வாய்த்துவிடுமா? கால் தாழ்வதை ஏற்கிறேன். ஆனால் போர்டைப் பிடித்தால் தலை நிமிர்கிறது, இடுப்பு அமிழ்கிறது. எந்தக் குறையைத் திருத்த வேண்டுமோ அதையே அல்லவா அது பழக்குகிறது?

ஈரத்துண்டு: சிறுவர்களுக்குக் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் இருவரும் நேரத்தைக் கணக்கிடுகிறீர்கள், கணுக்காலை யாரும் பார்க்கவில்லை. என்னிடம் கால்பந்து ஆடும் பையன் ஒருவன் வந்தான். போர்டைப் பிடித்து மூச்சு முட்ட உதைத்தான். மெல்லப் பின்னோக்கி நகர்ந்தான்! கணுக்கால் விறைத்து, பாதம் கொக்கிபோல் மடங்கியிருந்ததால் அது நீரைத் தள்ளாமல் இழுத்தது. முழங்காலோ சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தது. அவனை நூறு லேப் உதைக்கவிட்டிருந்தால் அந்தப் பிழைதான் உறுதிப்பட்டிருக்கும். பலகையை வாங்கி வைத்துவிட்டு, கையை நீட்டி ஒருக்களித்துப் படுத்து, இடுப்பிலிருந்து சிறிதாக உதைக்கச் சொன்னேன். உங்கள் மகளுக்கு ஒரு சோதனை செய்து பாருங்கள்: தொடைகளுக்கிடையே நுரை மிதவையைச் செருகி, காலை அசைக்காமல் 25 மீட்டர் நீந்தச் சொல்லுங்கள், பிறகு மிதவை இல்லாமல் வழக்கம்போல் நீந்தச் சொல்லுங்கள்.

குளத்தங்கரை: சுவரை உதைத்துக் கிளம்பியபின் நீருக்கடியில் 15 மீட்டர் வரை செல்ல விதி அனுமதிக்கிறது. அங்கே இரு கால்களையும் சேர்த்து உதைக்கும் டால்பின் உதைதான் எல்லாம், கைக்கு வேலையே இல்லை. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆழிமகன்: இன்று மாலை சோதித்தேன். மிதவையோடு இரண்டு வினாடி முன்னதாகவே வந்துவிட்டாள். உதை அவளுக்குத் துணையாக இல்லை, சுமையாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அரை மணி நேரப் போர்டுப் பயிற்சியை இப்போதும் ஏற்கவில்லை.

ஈரத்துண்டு: நானும் ஏற்கவில்லை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தை முன்னால் வளைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் தரையை நோக்கிச் சாய்கிறதா, கூரையைப் பார்த்தே நிற்கிறதா என்று நாளை எழுதுங்கள்.