இயர்பட்ஸ்: சின்ன கம்பெனியா, பெரிய கம்பெனியா?

வணக்கம். இந்த இரண்டில் ஒன்றை முடிவு செய்ய உங்கள் உதவி வேண்டும்.

பாட்டுத் தரத்தில் சின்ன கம்பெனிகள் நன்றாகவே நெருங்கிவிட்டன. எல்டேக் (LDAC) கோடெக், அதாவது ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் முறையைக்கூடத் தருகிறார்கள். (ஐபோனில் அது வேலை செய்யாது, ஏஏசி (AAC) என்ற வேறு கோடெக்தான்.)

கவலையெல்லாம் பேட்டரி பற்றித்தான். ஒவ்வொரு இயர்பட்டிலும் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 60 எம்ஏஎச் செல். தினமும் ஏற்றி இறக்கினால் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும், ஒட்டி மூடியிருப்பதால் மாற்றுவதும் கஷ்டம். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால், பல நேரம் சார்ஜிங் பின்னில் படிந்த வியர்வை அழுக்குதான் காரணம். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும். செல்லே போனால் வேறு பட்தான் வாங்க வேண்டும்.

அதனால் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: ஒற்றை பட் தனியாகக் கிடைத்ததா? ஃபர்ம்வேர் (இயர்பட்ஸுக்குள் இயங்கும் மென்பொருள்) அப்டேட் எத்தனை மாதம் வந்தது? காற்றடிக்கும்போது பேசினால் எதிர்முனையில் குரல் தெளிவாகக் கேட்கிறதா? மாடல் பெயரோடு, எத்தனை மாதப் பயன்பாடு என்பதையும் எழுதுங்கள்.